முப்பத்திரண்டு முகங்கள்

மாதேஷ் என் கடைப் படியேறி வந்த மத்தியானம், மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு வாள் வீரன் நீல முகத்தோடு குதித்துக்கொண்டிருந்தான். அவன் மாநிறமாக இருக்க வேண்டியவன். மூன்று நாளாக அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் என் கடை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, அவற்றில் அதைவிடப் பழைய டிவி கேம்களை ஓட வைப்பது என் தொழில். இதற்கு எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் தன்னை வேறொரு மெஷினாக நினைத்துக்கொண்டு நடிப்பதுதான் எமுலேட்டர். நடிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தகராறெல்லாம் படம் காட்டுகிற இடத்தில்தான். கிராபிக்ஸ் கார்டு ஒரு வருஷத்தது, அதை இயக்கும் டிரைவர் இன்னொரு வருஷத்தது, எமுலேட்டரை எழுதியவர் மனதில் வைத்திருந்த கார்டு வேறொன்று. இது மூன்றும் ஒத்துப்போகும்வரை வீரனுக்கு முகம் நீலமாகத்தான் இருக்கும்.

"தன்ஷிகா மேடம் நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசிப் படியைத் தவறவிட்டார். பின்னால் வந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். பழக்கப்பட்ட பிடி அது. ஐம்பத்தேழு வயது இருக்கும் அவருக்கு. அந்த அம்மாளுக்கு ஐந்தாறு வயது குறைவு. வாயைச் சுற்றியும், இடது கண்ணிலிருந்து கன்னத்தின் பாதிவரையும் அவர் தோல் வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் நல்ல கறுப்பு. தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"என் பேரு மாதேஷ். இவங்க என் வீட்டுக்காரம்மா, மோனிஷா. கண்ணு மருத்துவம் பண்ற இடத்துலயெல்லாம் கேட்டாச்சு மேடம். கடைசில ஒரு டெக்னீஷியன்தான் சொன்னாரு, இது டாக்டர் வேலை இல்ல, பழைய கேம் ஓட்டறவங்க வேலைன்னு."

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். உள்ளே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும், நுனியில் காந்தம் வைத்த ஒரு கேபிளும் இருந்தன.

அவர் சொன்னது இது. நாலு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. முப்பத்து மூன்று வயதில், இரண்டாயிரத்து நாற்பதில், புத்தொளி என்ற கம்பெனி அவருக்குச் செயற்கைக் கண் வைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதற்கு செட்டிங் செய்ய வேண்டும். காதுக்குப் பின்னால் கேபிளை ஒட்டி, திரையில் விழுகிற பந்துகளைப் பிடிக்கிற மாதிரி ஒரு கேமை அரைமணி நேரம் ஆடினால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். கம்பெனியை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. செட்டிங் மெஷின் ஒன்றே ஒன்று ஈரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போன வருஷம் நின்றுவிட்டது. அதிலிருந்து கழற்றியதுதான் இந்த டிஸ்க்.

"எட்டு மாசம் தாண்டிருச்சு. இப்ப ஒரு கதவு ரெண்டாத் தெரியுது. ஜவ்வரிசி மில்லுல எடை மேடையில நிக்கிறவன் நான். முள்ளு எங்க நிக்குதுன்னு தெரியல. இன்னும் நாலு மாசம் விட்டா மொத்தமா அணைஞ்சிரும்னு சொல்றாங்க."

"புதுக் கண் வைக்க முடியாதா?"

"நரம்புல இதைத் தச்சாச்சும்மா. எடுத்தா நரம்பும் சேந்து வந்துரும்."

நான் டிஸ்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "இது எதுக்கு கேம் ஓட்டறவங்க வேலை?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தார்.

மறுநாள் டிஸ்கைத் திறந்ததும் புரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு ஒளிப்புள்ளிகள்தான். அவ்வளவு குறைந்த புள்ளியில் ஒரு மனிதனை மனிதனாகவும் நாயை நாயாகவும் காட்டுவது எப்படி என்று ஒரு கூட்டம் ரொம்பக் காலம் முன்பே யோசித்து முடித்திருந்தது. பழைய டிவி கேம் எழுதியவர்கள்தான் அந்தக் கூட்டம். புத்தொளிக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்து கேம் மெஷினின் எமுலேட்டர் ஒன்றை எடுத்து, அதையே கண்ணுக்குள்ளும் செட்டிங் மெஷினிலும் வைத்துவிட்டார்கள். மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஓட வைக்கப் பத்து நாள் பிடித்தது. முதலில் திரையே வரவில்லை. என்னிடம் இருந்த கார்டுக்கு அது கேட்ட டிரைவர் பதினொரு வருஷம் மூத்தது. அதைத் தேடிப் பிடித்துப் போட்டால் படம் நடுவில் கிழிந்து, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமும் போனது. இரண்டு பதிப்பு பின்னால் போனேன். கிழிசல் நின்றது, ஆனால் பந்துகள் இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்தன. அதையும் சரிசெய்து மாதேஷை வரச்சொல்லிக் கேபிளை ஒட்டினால், கண் இந்தத் திரையை அடையாளமே காணவில்லை. காரணம் அற்பமானது. பிற்காலத்து டிரைவர்கள் படத்தின் ஓரங்களைத் தாங்களாகவே வழவழப்பாக்கிவிடும். அந்தக் கண்ணுக்கு வேண்டியது சொரசொரப்பான, லேசாகத் துடிக்கிற பழைய படம். வழவழப்பை நிறுத்தி, பிக்சர் டியூப் வைத்த ஒரு பழைய மானிட்டரை மாட்டியதும், "ஆங், பந்து தெரியுதும்மா!" என்று கத்தினார்.

பந்து தெரிந்தது. ஆனால் ஆட்கள் தெரிகிற இடத்தில் படம் சிதறியது. எந்த அடுக்கில் கோளாறு என்று பார்க்க, எமுலேட்டரின் சோதனை ஜன்னலைத் திறந்தேன். கேம் எந்தெந்தச் சின்னப் படங்களை வைத்துத் திரையைக் கட்டுகிறது என்பதை அது வரிசையாகக் காட்டும். மரம், படி, பஸ், மாடு, கதவு என்று கட்டம் கட்டமாக வந்தன. கடைசியில் முப்பத்திரண்டு முகங்கள்.

ஒவ்வொரு முகத்துக்கும் மூன்று படம். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாய் திறந்து ஒன்று. அழகாக, சுத்தமாக வரைந்த முகங்கள்.

கோளாறை எடுக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. நினைவகத்தில் ஒரு எண் ஓரிடம் தள்ளி நின்றிருந்தது. அதைச் சரிசெய்ததும், மாதேஷின் கண் அந்த நொடியில் பார்ப்பது அப்படியே என் மானிட்டரில் வந்தது. என் கடைச் சுவர், அலமாரி, எதிரே நாற்காலியில் ஒரு பெண். உருண்டை முகம், பெரிய கண், ஒரே சீரான நிறம். முப்பது வயதுக்கு மேல் சொல்ல முடியாது.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மோனிஷா.

"நான் எப்படித் தெரியறேன்னு பாக்கலாமா கண்ணு?" என்று ஆசையாக எழுந்து வந்தார். தடுக்க எனக்கு நேரம் இல்லை. அவர் என் தோளருகில் வந்து நின்று பார்த்தார். அவர் நகர்ந்ததால் மாதேஷும் தலையைத் திருப்ப, திரையில் அந்தப் பெண்ணும் என் பக்கத்தில் வந்து நின்றாள். மோனிஷா தன் கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள்.

அவர் கையை மெல்ல இறக்கினார்.

"என்ன மோனி, எப்படி இருக்க?" என்றார் மாதேஷ்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அவர்.

அரைமணி நேர ஆட்டத்தைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். மோனிஷா மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"அது யாரு?" என்றார்.

"யாரும் இல்லக்கா. கண்ணுல இருக்கிற புள்ளிய வெச்சு முகத்தை முகமாக் காட்ட முடியாது. வெறும் மங்கலாத்தான் வரும். அதனால முப்பத்திரண்டு முகத்தை முன்னாடியே வரைஞ்சு உள்ள வெச்சுட்டாங்க. ஒரு ஆள் எதிர்ல வந்தா, ஆணா, பொண்ணா, என்ன உயரம்னு மட்டும் உத்தேசமாப் பாத்து, கிட்ட வர்ற ஒண்ணை எடுத்து மாட்டிரும். தினம் பாக்குற ஆளா இருந்தா அதையே நிரந்தரமாக் கொடுத்துரும்."

"நிறம் பாக்காதா?"

"பாக்காது."

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"பத்து வயசுல எனக்கு இது வந்துச்சு. எங்க வீட்ல ஒளிச்சு வெச்சுக் கட்டிக்கொடுக்கலாம்னு பாத்தாங்க. பவுடர் போட்டாங்க. வந்தவங்க யாரும் காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும்கூட உக்காரல. இவரு வர்ற அன்னிக்கு நான் சொல்லிட்டேன், பவுடர் போட மாட்டேன்னு. புதுசாக் கண்ணு வந்தவரு, பாக்கட்டும், பாத்துட்டுப் போகட்டும்னு. இவரு நேராப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் எங்க அப்பாகிட்டத் திரும்பி, எனக்குப் பிடிச்சிருக்குன்னாரு."

நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. எவ்வளவு பெரிய மனசுன்னு நினைச்சேன். எங்களுக்குக் குழந்தை இல்ல. அதுக்காகக்கூட நான் இவ்வளவு யோசிச்சதில்ல. இந்த மனுசன் பாத்துட்டு சரின்னு சொன்னாரேங்கிறது ஒண்ணு போதும்னு இருந்துட்டேன்."

"வேற யாரும் அவர்கிட்ட சொன்னதில்லையாக்கா?"

"அவருதான் பாத்துட்டாரேன்னு எல்லாரும் விட்டிருப்பாங்க. எதுக்கு வாயக் கொடுக்கணும்னு."

உள்ளேயிருந்து பந்து பிடிபடும் சத்தம் கேட்டது. மோனிஷா என் கையைப் பிடித்தார். "இவர்கிட்ட சொல்லாத கண்ணு."

"அக்கா, அது அவரோட கண்ணு."

"தெரியும். ரெண்டு நாள் பொறு. அப்பறம் நானே சொல்றேன், சொல்லலாமா வேண்டாமான்னு."

அன்று மாதேஷ் கடைசிப் படியைத் தவறவிடாமல் இறங்கிப் போனார். நாலு மாதத்தில் கண் அணைந்து வேலை போய்விடும் என்ற பயம் அரைமணியில் தீர்ந்த சந்தோஷம் அவருக்கு. எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. யாரோ ஒரு கம்பெனி நூற்றுக்கணக்கான பேர் கண்ணுக்குள் முப்பத்திரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு, அதை ஒரு காகிதத்திலும் எழுதாமல் கடையை மூடிவிட்டுப் போயிருக்கிறது. புள்ளிகள் போதாது என்று ஒப்புக்கொள்ள மனம் வந்திருக்காது.

மூன்றாம் நாள் மோனிஷா தனியாக வந்தார்.

"என் முகத்தை உள்ள வைக்க முடியுமா?"

"முடியும். நான் கையால வரையணும்."

"அப்ப வரை. இருபத்திரண்டு வருஷம் வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தியிருக்காரு. இனியாவது என்கூட நடத்தட்டும்." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

முப்பத்திரண்டு முகங்களைப் பற்றியும், மோனிஷா முகத்தை நான் வரையப்போவதைப் பற்றியும் மாதேஷுக்கு நானே போனில் சொன்னேன். மனைவி முகத்தில் இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. அதை மோனிஷா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். மாதேஷ் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அதானே! பேங்க்ல இருக்கற பொண்ணும் எங்க சின்னம்மாவும் ஒரே அச்சு. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கன்னு நினைச்சிட்டேன்மா. நாலு வயசுல போன பார்வை, எனக்கென்ன தெரியும்?" பிறகு, "மோனி முகம் சீக்கிரம் முடிஞ்சிருமா?" என்று கேட்டார்.

இரண்டு மத்தியானம் மோனிஷா என் எதிரில் உட்கார்ந்தார். இருபத்துநாலுக்கு இருபத்துநாலு கட்டம், மொத்தம் பதினாறு நிறம். ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். மூக்குக்கு ஐந்து புள்ளிதான் கிடைத்தது. கன்னம் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன இருக்கோ அதைப் போடு கண்ணு."

பதினாறு நிறத்தில் தோல் வெள்ளைக்கு என்று ஒன்றும் இல்லை. இருப்பதில் வெளிறிய ரோஜா நிறம்தான் கிட்ட வந்தது. வாயைச் சுற்றி பதினான்கு புள்ளி, கண்ணுக்கும் கன்னத்துக்கும் பதினெட்டு. நேராக, பக்கவாட்டில், வாய் திறந்து என்று மூன்றையும் முடித்தேன். இத்தனை வருஷம் அவருக்கு மாட்டியிருந்த பதினொன்றாம் முகத்தை என் கம்ப்யூட்டரில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் இதை ஏற்றினேன். வேறு யாருக்கும் இந்த முகத்தைத் தராதே என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

"வீட்ல சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"பாக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாதேஷ் வந்து உட்கார்ந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார். கேபிளை ஒட்டினேன். எதிர் நாற்காலியில் மோனிஷா, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மானிட்டரில் உருண்டை முகம் போய், என் கை வரைந்த முகம் வந்தது.

மாதேஷ் முன்னால் சாய்ந்தார். அவர் உதடு மெல்ல விரிந்தது.

"நீள முகமா மோனி உனக்கு? நான் உருண்டைன்னுல்ல இருந்தேன். நெத்தி ஏறி இருக்கு, நல்லா இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. ஒரே ஒரு சின்னக் கோளாறு. வாய்கிட்டயும் இந்தக் கண்ணுகிட்டயும் நிறம் ஏறல. வெள்ளையாவே நிக்குது. அந்த டிரைவர் தகராறு பண்ணுது போல, பாருங்க."

என் கை மவுஸ்மேல் இருந்தது. முப்பத்திரண்டு புள்ளி. இரண்டு நிமிஷத்தில் கறுப்பாக்கிவிடலாம். ஆமாம் அண்ணா, டிரைவர்தான், என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மோனிஷாவைப் பார்த்தேன்.

"அது கோளாறு இல்லைங்க" என்றார் அவர். "நான்தான்."

"என்ன நீதான்?"

"என் முகம் அப்படித்தான். பத்து வயசுலேர்ந்து. வெண்புள்ளி."

மாதேஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அந்த முகம் அசையாமல் நின்றது. நான் வரைந்த கண்கள் ஒவ்வொன்றும் மூன்று புள்ளிதான். அதில் என்ன உணர்ச்சி தெரியும்?

"யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார் கடைசியில்.

"நீங்க பாத்தீங்கன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும்."

அவர் எழுந்தார். கேபிள் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு விழுந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவர் மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "போலாம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி என்னிடம் கேட்டார்: "பழசை அழிச்சிட்டீங்களா?"

"இல்லண்ணா. வெச்சிருக்கேன்."

"இருக்கட்டும்."

மோனிஷா முழங்கையைப் பிடிக்கக் கையை நீட்டி, பிறகு எடுத்துக்கொண்டார். இருவரும் தனித்தனியாகப் படியிறங்கினார்கள்.

அதன்பிறகு ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. புத்தொளிக் கண் வைத்த இன்னும் மூன்று பேர் கேள்விப்பட்டு வந்தார்கள். செட்டிங் தொடங்கும் முன்பே முகங்களைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொன்னேன். திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஒரு தறிக்காரர், "அதெல்லாம் எனக்கு எதுக்கு? பந்தை மட்டும் விடு" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாதேஷ் ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"அந்தப் பழைய முகத்தைப் பாக்கணும். பெருசா."

பதினொன்றாம் முகத்தைத் திரை முழுக்க வருமாறு வைத்துக் கேபிளை ஒட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இவங்க?"

"யாரும் இல்லண்ணா. கம்பெனில யாரோ ஒருத்தர் உக்காந்து முப்பத்திரண்டையும் வரைஞ்சிருக்காரு. இது பதினொண்ணாவது."

"செத்துப்போனாகூட அழலாம். இவங்க இருந்ததே இல்லியே." கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "வீட்ல குரல் அவளோடது. கை அவளோடது. குழம்பு அவளோடது. நிமிந்து பாத்தா யாரோ ஒருத்தங்க நிக்கிறாங்க. மொத வாரம் கண்ண மூடிக்கிட்டுத்தான் சாப்பிட்டேன்."

நான் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன்.

"அது பழகிரும்மா. பழகிருச்சுன்னுகூட சொல்லலாம். வேற ஒண்ணு நடக்குது. இத்தனை வருஷமா அவ என்கிட்ட நேராப் பாத்துத்தான் பேசுவா. சண்டை போட்டாலும் அப்படித்தான். இப்ப தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பேசுறா. சோறு போடும்போது முந்தானைய இழுத்து இந்தக் கன்னத்து மேல விட்டுக்கறா. கடைக்குப் போனா எனக்கு அந்தப் பக்கமா நடக்குறா. எனக்கு வெள்ளை பெருசாத் தெரியல. அந்தக் குனியறதுதான் தெரியுது."

"அவங்ககிட்ட சொன்னீங்களா, உங்களுக்கு அது பெருசில்லன்னு?"

"சொன்னேன். இப்பச் சொல்லி என்னங்க, தாலி கட்டிட்டீங்க, வேற வழியில்லன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு எனக்கு நிஜமாத் தெரிஞ்சிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனான்னு ராவும் பகலும் யோசிக்கிறேன். நேர்மையாச் சொல்லணும்னா தெரியலம்மா. முப்பத்தஞ்சு வயசு. கண்ணு வந்த திமிரு. சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ."

சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவங்கள அழிச்சிருங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே அழிங்க."

அழித்தேன். திரை ஒரே சாம்பல் நிறமாக ஆனது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு எழுந்து, "வர்றேம்மா" என்று போய்விட்டார். அவர் உருவம் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். இந்த வேலைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று அன்று தோன்றியது.

அடுத்த செட்டிங்குக்கு ஆடி மாதம் இருவரும் சேர்ந்து வந்தார்கள். மோனிஷா அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி, "நல்லா இருக்கியா கண்ணு?" என்றார். முந்தானை தோளில் இருந்தது. வெள்ளை இடது மூக்கோரம்வரை இறங்கியிருந்தது.

மாதேஷ் உட்காரும்போதே, "மூக்குகிட்ட ரெண்டு புள்ளி சேக்கணும்மா. இவ சொன்னா. மறந்துராதீங்க" என்றார்.

பந்தாட்டத்தைத் தொடங்கிவிட்டு, மோனிஷாவோடு மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தேன். கீழேயிருந்து இரண்டு டீ வாங்கி வந்தேன்.

"சமாதானமா இருக்கீங்களாக்கா?"

"இருக்கோம்." டீயை ஊதிக் குடித்தார். "உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாரு. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சதும் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. ஒரு விஷயம் இத்தனை வருஷமா உன்கிட்ட மறைச்சிட்டேன்னாரு. பொண்ணு பாக்க வர்றதுக்கு மொத நாள் எங்க பெரியப்பா போன் பண்ணி, பொண்ணு முகத்துல வெண்புள்ளி இருக்கு, யோசிச்சு வாங்கன்னு சொல்லிட்டாராம். தெரிஞ்சுதான் வந்தாராம். தெரிஞ்சுதான் சரின்னு சொன்னாராம். கண்ணுல தெரியலையேன்னு அப்பவே நினைச்சாராம், கண்ணு அவ்வளவுதான் போலன்னு விட்டுட்டாராம். அன்னிக்கு உன் கடையில திடீர்னு பாத்ததும் அதெல்லாம் மறந்துபோயி என்னமோ பேசிட்டாராம்."

மாதேஷ் தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டு சொன்னது எனக்கு நினைவு வந்தது. என் முகம் எதையும் காட்டிவிடக் கூடாதே என்று டீ டம்ளரை உயர்த்திக்கொண்டேன்.

"அப்படியா அக்கா" என்றேன். "நல்லதாப் போச்சு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"எங்க பெரியப்பாவுக்கு அந்த வருஷம் தொண்டையில ஆபரேஷன். மூணு மாசம் பேச்சே கிடையாது. கல்யாணத்துக்கு வந்து சிலேட்டுல எழுதித்தான் வாழ்த்தினாரு. அந்த மனுசன் எங்கேந்து போன் பண்ணுவாரு?"

"அக்கா..."

"மாசக்கணக்கா யோசிச்சு யோசிச்சு ஒரு பொய் பண்ணியிருக்காரு பாவம். அதுலயும் ஓட்டை." டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. நம்பின மாதிரியே இருந்துட்டேன். நீயும் சொல்லிராத."

"மாட்டேன்."

"அன்னிக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னாரு, அது என்னைப் பாக்காமச் சொன்னது. இந்தப் பொய் இருக்கு பாரு, இது நாலு மாசம் தினமும் என்னைப் பாத்துட்டுச் சொன்னது."

உள்ளே ஆட்டம் முடிந்த மணி அடித்தது. "மோனி, வா. மூக்கு வரையணுமாம்" என்று மாதேஷ் கூப்பிட்டார். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.